கறுப்பு ஜன்னலும் ஒரு சின்னக் குறியும் - கட்டளைத் திரை நிறம் மாறிய கதை

கணினி என்றாலே படங்களும் பட்டன்களும் என்று பழகியவர்களுக்கு அந்தக் கறுப்பு ஜன்னலைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். சினிமாவில் ஹேக்கர் என்று ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால் உடனே கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளை ஓட விடுவார்கள். ஆனால் சர்வர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு அந்த ஜன்னல்தான் அலுவலகம், அதுதான் கருவிப்பெட்டி. நாள் முழுவதும் அதிலேயே இருப்பதால் அதைத் தங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்கள். எழுத்தின் நிறம், பின்னணி, மேலே இருக்கும் தலைப்பு, வரியின் தொடக்கத்தில் வரும் ப்ராம்ப்ட் என்று ஒவ்வொருவருடைய திரையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

பார்ப்பவர்களுக்கு இது மொபைலுக்கு வால்பேப்பர் மாற்றுவது போன்ற அலங்காரமாகத் தெரியும். உண்மை அதுவல்ல. கட்டளைத் திரையில் ஒருவர் எதைத் தட்டினாலும் கணினி "நிச்சயமாகவா?" என்று பெரும்பாலும் திருப்பிக் கேட்காது. அதனால் என்டர் தட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இப்போது எந்தப் பயனராக உள்ளே இருக்கிறோம்? எந்த இயந்திரத்தில் இருக்கிறோம்? எந்த டைரக்டரியில் நிற்கிறோம்? இந்த மூன்றையும் திரையே சொல்லும்படி செய்வதற்கு அறுபது ஆண்டுகளாக நடந்த முயற்சிதான் கட்டளைத் திரையின் வரலாறு. அந்த முயற்சி போதாமல் போன இடங்களில் என்ன நடந்தது என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது.

திரையே இல்லாத காலம்

முதலில் திரையே கிடையாது. 1963-ல் டெலிடைப் நிறுவனம் மாடல் 33 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. பெரிய தட்டச்சு இயந்திரம் போல இருக்கும். தட்டுவதும் கணினி தரும் பதிலும் ஒரே காகிதச் சுருளில் அச்சாகும். வேகம் வினாடிக்கு 10 எழுத்து. ஒரு வரிக்கு 72 எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும்தான் உண்டு. இன்றைக்கும் லினக்ஸில் ஒவ்வொரு முனையத்துக்கும் 'டிடிஒய்' என்று பெயர் வருகிறதே, அது 'டெலிடைப்ரைட்டர்' என்பதன் சுருக்கம். இயந்திரம் மியூசியத்துக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தது இந்த டெலிடைப்தான். வினாடிக்கு 10 எழுத்து என்றால் 60 எழுத்துள்ள ஒரு வரி அச்சாக 6 வினாடி ஆகும். இப்படிப்பட்ட இயந்திரத்தில் நீளமான ப்ராம்ப்ட் வைப்பது ஆடம்பரம். யுனிக்ஸ் கட்டளைகள் எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம் என்று இரண்டு எழுத்திலேயே முடிந்துவிடுவதற்கும் இந்த மெதுவேகத்தையே காரணமாகச் சொல்வார்கள்.

ஆகவே தாம்ஸன் எழுதிய ஷெல்லின் ப்ராம்ப்ட் ஒரே ஒரு சதவீதக் குறி (%), பிறகு ஒரு இடைவெளி. அவ்வளவுதான்! ஆனால் அந்தச் சிக்கனத்திலும் ஒரு விஷயத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. எதையும் அழிக்கும் அதிகாரம் உள்ள 'ரூட்' பயனராக ஒருவர் உள்ளே வந்தால் அந்தக் குறி # என்று மாறிவிடும். ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. ஆனால் "இப்போது கையில் இருப்பது கத்தி, பார்த்து நட" என்று அது சொல்கிறது. கட்டளைத் திரையின் முதல் எச்சரிக்கைப் பலகை என்று இதைச் சொல்லலாம்.

மூன்று கேள்விகளில் முதல் கேள்விக்கு அன்றே விடை வந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் அப்போது அவ்வளவு அவசியம் இருக்கவில்லை. அறையில் இருந்ததே ஒரு கணினி. எந்த இயந்திரம் என்ற குழப்பம் எப்படி வரும்?

பயனர் கைக்கு வந்த ப்ராம்ப்ட்

1979-ல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய புதிய ஷெல் வந்தது. அதில் சாதாரணப் பயனருக்கு டாலர் குறி ($), ரூட்டுக்குப் பழைய #. முக்கியமான மாற்றம் வேறு ஒன்று. ப்ராம்ப்ட் என்பது 'பிஎஸ்1' என்ற ஒரு மாறியில் வைக்கப்பட்டது. அந்த மாறியில் என்ன எழுதினாலும் அதுவே ப்ராம்ப்டாக வரும். அதாவது, ப்ராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு ஷெல்லை எழுதியவர் கையிலிருந்து அதைப் பயன்படுத்துபவர் கைக்கு மாறிவிட்டது. இன்று வரை பேஷ் உள்ளிட்ட ஷெல்களில் அதே பெயர்தான்.

ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் இந்த அமைப்புகளைத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? அதற்காகப் பயனரின் வீட்டு டைரக்டரியில் ஒரு அமைப்புக் கோப்பு. போர்ன் ஷெல்லில் அதன் பெயர் 'ப்ரொஃபைல்'. பின்னாளில் வந்த 'பேஷ்ஆர்சி' போன்ற கோப்புகளின் கடைசியில் இருக்கும் 'ஆர்சி' இன்னும் பழையது. எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் என்ற கணினி அமைப்பில் 1963-64 காலத்தில் லூயி பூசான் எழுதிய 'ரன்காம்' என்ற வசதியின் சுருக்கம் அது. பல கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒன்றாக ஓட்டுவதுதான் ரன்காமின் வேலை. 'ஷெல்' என்ற பெயரைக் கொடுத்தவரும் அதே பூசான்தான்.

இந்தக் கோப்புகளின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகப் பட்டியலிடும்போது கண்ணில் படாது. இது திட்டமிட்டுச் செய்ததல்ல என்று பெல் லேப்ஸில் பணியாற்றிய ராப் பைக் 2012-ல் எழுதினார். ஒவ்வொரு டைரக்டரியிலும் 'இதே இடம்' என்பதற்கு ஒரு புள்ளியும் 'மேலே உள்ள இடம்' என்பதற்கு இரண்டு புள்ளியும் இருக்கும். அவற்றைப் பட்டியலில் காட்டாமல் விட நினைத்தவர்கள், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார்கள். விளைவு, புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் மறைந்துபோயின! இன்று அட்மின்கள் 'டாட்ஃபைல்ஸ்' என்று போற்றிப் பாதுகாக்கும் கோப்புகளின் மறைவிடம் இப்படி ஒரு குறுக்குவழியில் பிறந்ததுதான்.

காகிதம் போய்க் கண்ணாடி வந்தது

எழுபதுகளில் காகிதத்தின் இடத்தைத் திரை பிடித்தது. 1976-ல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற மலிவு விலை முனையத்தில் 'ஹோம்' என்ற வார்த்தையும் அலைக்குறியும் (~) ஒரே விசையில் இருந்தன. யுனிக்ஸில் வீட்டு டைரக்டரிக்கு அலைக்குறி வந்த கதை அதுதான். ப்ராம்ப்டில் தினமும் தெரியும் அந்த வளைந்த கோடு, எப்போதோ மறைந்த ஒரு கீபோர்டின் மிச்சம்.

1978 ஆகஸ்டில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் வெளியிட்ட விடி100 முனையம் எல்லாவற்றையும் மாற்றியது. உள்ளே இன்டெல் 8080 ப்ராசஸர். 24 வரி, வரிக்கு 80 எழுத்து. வேண்டுமென்றால் 132 எழுத்து. முந்தைய முனையங்களில் அமைப்புகளை மாற்றப் பின்பக்கச் சுவிட்சுகளை நோண்ட வேண்டியிருந்தது. விடி100-ல் 'செட்-அப்' என்ற விசையைத் தட்டினால் திரையிலேயே எல்லாம் வரும். வெளிச்சம் எவ்வளவு, கறுப்பில் வெள்ளையா வெள்ளையில் கறுப்பா, கர்சர் கோடா கட்டமா என்று எல்லாவற்றையும் பயனரே தேர்ந்தெடுத்துச் சேமித்து வைக்கலாம். மின்சாரம் போனாலும் அழியாது.

அதைவிடப் பெரிய விஷயம் 'எஸ்கேப்' வரிசைகள். எஸ்கேப் என்ற சிறப்பு எழுத்தை அனுப்பி, அதன் பின் ஒரு சதுர அடைப்புக்குறியும் சில எண்களும் அனுப்பினால் முனையம் அதை எழுத்தாகக் காட்டாது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 7 என்றால் எழுத்தும் பின்னணியும் இடம் மாறும். 0 என்றால் பழைய நிலை. விடி100-ல் நிறம் கிடையாது. ஆனால் அது பின்பற்றிய தரத்தில் நிறங்களுக்கு இடம் இருந்தது. 30 முதல் 37 வரை எட்டு நிறங்கள். 31 என்றால் சிவப்பு, 32 என்றால் பச்சை. இன்று ஒரு அட்மின் தன் ப்ராம்ப்டைச் சிவப்பாக்க எழுதுவது அதே 31-ஐத்தான்.

இயந்திரங்கள் பெருகின, குழப்பமும் பெருகியது

எண்பதுகளில் நிலைமை மாறியது. ஒரு பெரிய கணினியின் இடத்தில் நெட்வொர்க்கில் இணைந்த பல கணினிகள் வந்தன. ஒரு கணினியில் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றுக்குள் நுழையலாம், அங்கிருந்து மூன்றாவதற்குள் போகலாம். ப்ராம்ப்ட் மட்டும் எல்லா இடத்திலும் அதே டாலர் குறிதான்! இரண்டாவது கேள்வியான 'எந்த இயந்திரம்?' அப்போதுதான் உயிர் பெற்றது.

போர்ன் ஷெல்லின் பிஎஸ்1 ஒரு நிலையான எழுத்து வரிசை. இயந்திரத்தின் பெயரை அதில் எழுதி வைக்கலாம். ஆனால் டைரக்டரி மாற மாற அது தானாக மாறாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல்லைப் பயன்படுத்தியவர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். டைரக்டரி மாற்றும் 'சிடி' கட்டளைக்கே ஒரு மாற்றுப்பெயர் கொடுத்து, அது ஓடும் ஒவ்வொரு முறையும் ப்ராம்ப்டும் புதிதாக எழுதப்படும்படி செய்தார்கள்.

1989-ல் க்னூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பேஷ்' ஷெல் இந்தச் சிரமத்தைப் போக்கியது. பின்சாய்வுக் கோட்டுடன் யு எழுதினால் பயனர் பெயர், சிறிய ஹெச் எழுதினால் இயந்திரத்தின் பெயர், டபிள்யூ எழுதினால் டைரக்டரி. பின்சாய்வுக் கோட்டுடன் டாலர் குறி எழுதினால் சாதாரணப் பயனருக்கு $ என்றும் ரூட்டுக்கு # என்றும் தானே மாறும். தாம்ஸன் காலத்து எச்சரிக்கை இங்கேயும் தொடர்கிறது, பாருங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பேஷை எந்த அமைப்பும் இல்லாமல் ஓட்டினால் அதன் ப்ராம்ப்டில் வருவது 'பேஷ்' என்ற பெயரும் அதன் பதிப்பு எண்ணும் மட்டும்தான். மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அதில் விடை இல்லை. உபுண்டு, ரெட் ஹேட் போன்றவற்றில் பயனர் பெயர், இயந்திரப் பெயர், டைரக்டரி மூன்றும் வருவது அந்த லினக்ஸ் வெளியீடுகளைத் தொகுத்தவர்கள் எழுதி வைத்த அமைப்புக் கோப்பினால்தான்.

இன்னொரு நுணுக்கம். சிறிய ஹெச் தருவது இயந்திரப் பெயரின் முதல் புள்ளி வரை உள்ள பகுதியை மட்டும். முழுப்பெயர் வேண்டுமென்றால் பெரிய ஹெச் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் சிறியதோடு நிறுத்திக்கொள்வார்கள். இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். 2017-ல் நடந்ததைப் படித்தால் அப்படித் தோன்றாது. அதற்குப் பிறகு வருவோம்.

இதே காலத்தில் ஜன்னலும் வந்துவிட்டது. எம்ஐடியின் எக்ஸ் விண்டோ அமைப்பு உருவான 1984-லேயே அதில் ஓடும் 'எக்ஸ்டெர்ம்' முனையமும் எழுதப்பட்டது. ஒரே திரையில் நான்கு ஐந்து முனையங்களைத் திறந்து வைக்கலாம். ஒவ்வொன்றின் தலைப்பிலும் இயந்திரத்தின் பெயரை எஸ்கேப் வரிசை மூலம் எழுதலாம். 1987-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'ஸ்க்ரீன்', 2007-ல் வந்த 'டிமக்ஸ்' ஆகியவை ஒரே முனையத்துக்குள் பல முனையங்களைத் தந்தன. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. 1995-ல் ஃபின்லாந்தின் டாடு இலோனென் எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதினார். உலகத்தின் மறுமூலையில் இருக்கும் சர்வரும் மேஜை மேல் இருக்கும் கணினியும் ஒரே மாதிரி ஜன்னலில், ஒரே மாதிரி எழுத்தில் அடுத்தடுத்து நின்றன. வசதி என்றால் பெரிய வசதி. ஆபத்தும் அதே அளவுக்குப் பெரியது.

விண்டோஸ் பக்கம்

டாஸ் பயனர்கள் இதே பாதையைத் தனியாக நடந்து வந்தார்கள். 1981-ல் வந்த முதல் டாஸில் ப்ராம்ப்ட் டிரைவ் எழுத்தை மட்டும் காட்டும். அந்தப் பதிப்பில் டைரக்டரிகளே கிடையாது என்பதால் அது போதுமானதாக இருந்தது. 1983-ல் டாஸ் 2.0-ல் டைரக்டரிகள் வந்தன. உடனே 'எங்கே நிற்கிறோம்?' என்ற கேள்வியும் வந்தது. 'ப்ராம்ப்ட்' கட்டளையில் டாலர்-பி டாலர்-ஜி என்று எழுதினால் முழுப் பாதையும் தெரியும். ஆட்டோஎக்ஸெக் கோப்பில் இந்த வரியை எழுதி வைக்காத டாஸ் பயனர்கள் குறைவு.

விண்டோஸ் எக்ஸ்பி வரை வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவர்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடுதான் உலவினார்கள். அதனால் # போன்ற ஒரு குறி தேவைப்படவில்லை. 2007-ல் விஸ்டா வந்தபோது அதிகாரம் இரண்டாகப் பிரிந்தது. அதே நேரம் முழு அதிகாரத்தோடு திறக்கும் கட்டளை ஜன்னலின் தலைப்பில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற வார்த்தையும் சேர்ந்தது. யுனிக்ஸ் ஒரு எழுத்தில் சொன்னதை விண்டோஸ் ஒரு வார்த்தையில் சொன்னது.

ஜெஃப்ரி ஸ்னோவர் 2002-ல் எழுதிய ஒரு திட்ட அறிக்கையிலிருந்து வளர்ந்து 2006 நவம்பரில் வெளியானது பவர்ஷெல். அதில் ப்ராம்ப்ட் என்பது எழுத்து வரிசை அல்ல, ஒரு ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனுக்குள் எதை வேண்டுமானாலும் சோதித்து, அதற்கேற்ப நிறத்தையும் தலைப்பையும் மாற்றலாம். நீலப் பின்னணியோடு அது திறந்ததால் பழைய கறுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தவுடனே பிரித்தறிய முடிந்தது.

விண்டோஸ் ஜன்னலில் அட்மின்களைப் பலமுறை திண்டாட வைத்த ஒரு வசதி 'க்விக் எடிட்'. மவுஸால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கலாம் என்பது அதன் பயன். ஆனால் தெரியாமல் ஜன்னலுக்குள் ஒரு முறை க்ளிக் செய்தால் திரை உறைந்துவிடும். திரையில் எழுத முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் நின்றுவிடும். இரவெல்லாம் ஓட வேண்டிய வேலை ஒரு க்ளிக்கினால் நின்று கிடக்கும். என்டரோ எஸ்கேப்போ தட்டினால் மீண்டும் ஓடும். தலைப்பில் 'செலக்ட்' என்ற வார்த்தை சேர்ந்திருப்பதைக் கவனித்தால் காரணம் புரியும். தலைப்பைப் படிக்கும் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது.

விண்டோஸின் கட்டளைத் திரை 2016 வாக்கில்தான் விடி100 பாணி எஸ்கேப் வரிசைகளை முழுமையாகப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. 2020 மே மாதம் விண்டோஸ் டெர்மினல் 1.0 வந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி நிறத் திட்டம், தனித் தலைப்பு, தனித் தாவல் என்று வைத்துக்கொள்ள அதில் வழி உண்டு.

ஒரு குழந்தையின் பெயரில் ஒரு காவல்

ப்ராம்ப்டைப் படிக்காமல் தட்டிவிட்டால் என்ன செய்வது? இதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஐபிஎம் 4341 என்ற பெரிய கணினியில் மின்சாரத்தை நிறுத்தும் சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருந்தது. ஒரு ப்ரோக்ராமரின் குட்டிப் பெண் மாலி ஒரே நாளில் இரண்டு முறை அதைத் தட்டிவிட்டாளாம்! அதன் பிறகு அந்தச் சுவிட்சுக்கு ஒரு ப்ளாஸ்டிக் மூடி போட்டார்கள். அதற்குப் பெயர் 'மாலி-கார்ட்'. கணினிக்காரர்களின் பேச்சு வழக்குகளைத் தொகுத்த ஜார்கன் ஃபைலில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

டெபியன் லினக்ஸில் இதே பெயரில் ஒரு மென்பொருள் உண்டு. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்த ஒருவர் சர்வரை நிறுத்தும் கட்டளையைத் தட்டினால், 'ஆம்', 'இல்லை' என்று அது கேட்காது. அந்த இயந்திரத்தின் பெயரைத் தட்டச் சொல்லும். சொந்த லேப்டாப்பை அணைப்பதாக நினைத்துக்கொண்டு சர்வரை அணைக்கப் பார்த்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். 'ஆம்' என்பதை யோசிக்காமல் தட்டிவிடலாம். பெயரைத் தட்ட வேண்டுமென்றால் யோசித்தே ஆக வேண்டும்.

ரெட் ஹேட் லினக்ஸ் வேறு வழியை எடுத்தது. ரூட் பயனரின் அமைப்புக் கோப்பிலேயே ஆர்எம் கட்டளைக்கு ஒரு மாற்றுப்பெயர் கொடுத்து, அழிக்கும் முன் கேட்கும்படி செய்தார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'எப்படியும் கேட்கும்' என்று பழகிய கை, அந்த மாற்றுப்பெயர் இல்லாத இன்னொரு இயந்திரத்திலும் அதே தைரியத்தோடு தட்டும். அங்கே கேள்வி வராது, கோப்பு மட்டும் போயிருக்கும்.

2017 ஜனவரி 31

நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் இணையதளத்தில் அன்று நடந்தது கட்டளைத் திரையின் வரலாற்றில் மறக்க முடியாத பாடம். அந்நிறுவனமே எதையும் மறைக்காமல் முழு அறிக்கையாக வெளியிட்டதால் உலகத்துக்கே தெரியும்.

அவர்களிடம் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். டிபி1 என்பது முதன்மை, டிபி2 என்பது அதன் நகல். அன்று சுமை அதிகமானதால் நகல் பின்தங்கிப்போய் ஒத்திசைவு நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய, நகலில் இருக்கும் டேட்டாவை அழித்துவிட்டு முதன்மையிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். நள்ளிரவு நெருங்கும் நேரம். பொறியாளர் ஒருவர் டிபி2-ல் இருப்பதாக நினைத்து அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஆனால் அவர் இருந்தது டிபி1-ல். ஓரிரு வினாடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிச்சம் இருந்தது 4.5 ஜிபி!

காப்பு நகல்களை எடுத்து வைக்கும் ஏற்பாடுகளும் கைவிட்டன. டேட்டாபேஸின் ஒரு பதிப்புக்கு வேறொரு பதிப்பின் கருவியை ஓட்டியதால் தினசரி நகல் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாரையும் வந்தடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். சுமார் 18 மணி நேரம் தளம் முடங்கியது. மீட்கும் வேலையை யூட்யூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். அந்த ஆறு மணி நேரத்தில் பயனர்கள் பதிந்த சுமார் 5,000 ப்ராஜெக்ட் விவரங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

இதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் எழுதிய பட்டியலில் பெரிய பெரிய தொழில்நுட்ப மாற்றங்களுக்கு நடுவே ஒரு சின்ன வேலையும் இருந்தது: எல்லா சர்வர்களிலும் பிஎஸ்1-ஐ மாற்றுவது. உண்மையான பயனர்களின் சர்வர் என்றால் சிவப்பு, சோதனை சர்வர் என்றால் மஞ்சள். 'டிபி1' என்று சுருக்கமாகக் காட்டாமல் இயந்திரத்தின் முழுப்பெயரையும் காட்ட வேண்டும். ஆம், அதே சிறிய ஹெச், பெரிய ஹெச் விஷயம்தான்!

ப்ராம்ப்ட் சிவப்பாக இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. டிபி1, டிபி2 இரண்டுமே உண்மையான பயனர்களின் டேட்டா இருந்த சர்வர்கள். அந்தத் திட்டப்படி இரண்டும் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். வேறுபாடு ஒரே ஒரு எண். இரவு பதினொரு மணிக்குக் களைத்த கண்ணுக்கு 1-க்கும் 2-க்கும் எவ்வளவு தூரம்?

அழகும் அளவும்

ஆகவே நிறம் மட்டும் போதாது என்பதுதான் இந்த வரலாறு சொல்வது. ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உண்டு என்பார்கள். அவர்களுக்குச் சிவப்பு ப்ராம்ப்ட் தனியாக ஒன்றும் சொல்லாது. நிறத்தோடு ஒரு வார்த்தையும் இருக்க வேண்டும்.

நிறம் பூசுவதிலேயே ஒரு பொறி இருக்கிறது. பேஷ் தன் ப்ராம்ப்டின் நீளத்தை எழுத்து எழுத்தாக எண்ணும். கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் வரிசைகளைத் தனிக் குறிகளுக்குள் அடைத்து 'இதை எண்ணாதே' என்று சொல்லாவிட்டால் கணக்கு தப்பும். நீளமான கட்டளை தட்டும்போது வரி மடங்காமல் தன் மேலேயே எழுதிக்கொள்ளும். திரையில் தெரிவது ஒன்று, ஓடப்போவது வேறொன்று! பாதுகாப்புக்காகப் பூசிய நிறமே ஆபத்தாகிவிடும்.

இன்னொன்று, எஸ்கேப் வரிசைகளை அட்மின் மட்டும்தான் அனுப்புவார் என்பதில்லை. திரையில் காட்டப்படும் எந்தக் கோப்புக்குள்ளும் அவை ஒளிந்திருக்கலாம். ஜன்னல் தலைப்பைத் திருப்பிச் சொல்லும் வசதியைப் பயன்படுத்தி, கட்டளை வரியில் வேண்டாத எழுத்துகளை நுழைக்க முடியும் என்று ஹெச்.டி. மூர் 2003-ல் விளக்கினார். அதன் பிறகு பல முனையங்களில் அந்த வசதியை அணைத்து வைத்தார்கள்.

2009-ல் ராபி ரஸல் தொடங்கிய 'ஓ மை இசட்ஷெல்' வந்த பிறகு ப்ராம்ப்ட் அலங்காரம் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்தது. அம்புக்குறிகள், சின்னப் படங்கள், பேட்டரி அளவு, நேரம் என்று ஒரு ப்ராம்ப்டில் இப்போது எதை வேண்டுமானாலும் காட்டலாம். சொந்த லேப்டாப்பில் எதை வைத்தாலும் நஷ்டமில்லை. ஆனால் பத்து விஷயத்தைச் சொல்லும் ப்ராம்ப்டில் முக்கியமான அந்த ஒன்றைக் கண் தாண்டிப் போய்விடும். எப்போதும் சிவப்பாக இருக்கும் திரை ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அனுபவப்பட்ட அட்மின்களின் சர்வர் திரையைப் பார்த்தால் இதனால்தான் ரொம்பவும் சாதுவாக இருக்கும். பயனர் பெயர், இயந்திரத்தின் முழுப்பெயர், டைரக்டரி. ஆபத்தான இடத்தில் மட்டும் ஒரு நிறம், கூடவே ஒரு வார்த்தை. தலைப்பிலும் அதே பெயர். கடைசியில் $ அல்லது #. தாம்ஸனின் ப்ராம்ப்டோடு ஒப்பிட்டால் கூடியிருப்பது கொஞ்சம்தான்.

டெலிடைப்பில் ஒவ்வொரு எழுத்தும் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மெதுவேகமே ஒரு காவலாக இருந்தது. இன்று 300 ஜிபியை அழிக்க ஓரிரு வினாடி போதும், யோசிக்க இயந்திரம் நேரம் தருவதில்லை. அந்த நேரத்தை மனிதர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்டர் தட்டும் முன் வரியின் தொடக்கத்தை ஒருமுறை படிப்பதற்கு அதிகம் போனால் ஒரு வினாடி ஆகும்.